வயிற்றுப் பசியும் மூளைப் பசியும்

பள்ளி விடும் மணி அடித்த சில நிமிடங்களில், வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்கள் மளமளவென்று குறைகின்றன. அங்கே நிற்கும் ஒரு மாணவனிடம், "பசிக்கிறதா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "இல்லை சார், சும்மாதான்" என்ற பதிலே கிடைக்கும்.

இந்தச் "சும்மா" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய அறிவியல் அடங்கியிருக்கிறது. பசியில்லாதபோதும் நாம் ஏன் தின்கிறோம்? அவித்த உருளைக்கிழங்கு ஒன்றிரண்டு தின்றதும் போதும் என்று தோன்றுகிறது. அதே கிழங்கைச் சீவி, எண்ணெயில் பொரித்து, உப்பும் காரமும் தூவிப் பொட்டலத்தில் அடைத்துக் கொடுத்தால், பொட்டலம் காலியாகும் வரை கை நிற்பதில்லை. ஏன்?

"வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது வசவு, விளக்கம் அன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி எதிர்பார்த்தபடி வேலை செய்யாவிட்டால், நாம் அதைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. அது எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்க்கிறோம். உண்ணும் பழக்கத்தையும் அவ்வாறே பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

உணவிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கிலோ கலோரி என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து அல்லது புரதம் சுமார் 4 கிலோ கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோ கலோரியும் தருகின்றன. ஒரு கிலோ கலோரி என்பது 4184 ஜூல்.

ஒருவர் ஒரு நாளில் 2000 கிலோ கலோரி செலவிடுகிறார் என்று கொள்வோம். இது 83,68,000 ஜூல். ஒரு நாளில் 86,400 விநாடிகள். வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 97 ஜூல், அதாவது 97 வாட் வருகிறது. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். நாம் உறங்கும்போதும் இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, உடல் வெப்பம் குறையாதிருக்கச் சக்தி செலவாகிக்கொண்டே இருக்கிறது.

இனி ஒரு சிறிய சிப்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். எடை 30 கிராம். சக்தி ஏறத்தாழ 160 கிலோ கலோரி, அதாவது 6,69,000 ஜூல். இந்தச் சக்தி முழுவதையும் மாடிப்படி ஏறியே செலவழிக்க வேண்டுமானால் எத்தனை மாடி ஏற வேண்டும்?

மாணவரின் எடை 45 கிலோ. ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர். ஒரு மாடி ஏறும்போது அவர் பெறும் நிலையாற்றல் 45 × 9.8 × 3 = 1323 ஜூல். நம் தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஆகவே ஒரு மாடிக்கு 5292 ஜூல் செலவு. 6,69,000-ஐ 5292-ஆல் வகுத்தால் 126 மாடிகள்! ஐந்து நிமிடத்தில் தின்று முடித்ததற்கு 126 மாடி ஏற வேண்டும்.

இதைப் படித்துவிட்டு விளையாட்டால் பயனில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இதயத்துக்கும் எலும்புக்கும் மனத்துக்கும் விளையாட்டு மிக அவசியம். ஆனால் வாய் வழியாக வந்த மிகுதியைக் கால் வழியாகச் சரிக்கட்டுவது எளிதன்று. அதனால்தான் உடல், செலவை மட்டும் நம்பியிராமல், வரவையே அளந்து கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டின் பெயர்தான் பசி.

தானே இயங்கும் கட்டுப்பாடு

இஸ்திரிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் வேண்டிய அளவை எட்டியதும் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வெப்பம் குறைந்ததும் பட்டை நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்திக்கொள்ளும் இம்முறையைப் பின்னூட்டம் என்கிறோம்.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. பசியைப் பொறுத்தவரை, ஈருலோகப் பட்டையின் வேலையை இது செய்கிறது. இதற்குச் செய்திகள் பல வழிகளில் வந்து சேர்கின்றன.

இரைப்பை காலியாக இருக்கும்போது கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரந்து, "உண்ணும் நேரம் வந்துவிட்டது" என்று அறிவிக்கிறது. ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் இதைக் கண்டறிந்து அறிவித்தனர். நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளைகளை ஒட்டி இதன் அளவு உயர்கிறது. மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பே வயிறு கூப்பிடுவது இதனால்தான்.

உண்ணத் தொடங்கியதும் இரைப்பை விரிகிறது. அந்த விரிவை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்கிருந்து வேறு சில ஹார்மோன்கள் புறப்பட்டுப் "போதும்" என்கின்றன. இவையெல்லாம் அன்றாடக் கணக்கு. நீண்ட காலக் கணக்கைப் பார்ப்பது லெப்டின். இது கொழுப்புச் செல்களிலிருந்தே வருகிறது. உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994-இல் இதற்கான மரபணுவைக் கண்டறிந்தது.

இத்தனை காவலர்கள் இருந்தும் பொட்டலம் காலியாகிறதே! காவலைத் தாண்டிச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: காலதாமதம்

எந்தப் பின்னூட்ட ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. செய்தி வந்து சேரத் தாமதமானால், கட்டுப்பாடு அளவைத் தாண்டிவிடும். குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திறந்து, நீர் இன்னும் சூடாகவில்லையே என்று மேலும் மேலும் திறப்பவர், சற்று நேரத்தில் கொதிநீர் வந்ததும் துள்ளிக் குதிப்பார். குழாயில் குறையில்லை. சூடான நீர் குழாயின் நீளத்தைக் கடந்து வரச் சிறிது நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

"போதும்" என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்கு முழுமையாக எட்டப் பல நிமிடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் எவ்வளவு சக்தி உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி.

100 கிராம் அவித்த உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 87 கிலோ கலோரி உள்ளது. அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் சிப்ஸில் ஏறத்தாழ 540 கிலோ கலோரி. தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிப் போய், அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் அவித்த கிழங்கை நிமிடத்துக்கு 20 கிராம் வீதமும், சிப்ஸை நிமிடத்துக்கு 10 கிராம் வீதமும் உண்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்தில் கிழங்கு 200 கிராம், 174 கிலோ கலோரி. சிப்ஸ் 100 கிராம், 540 கிலோ கலோரி. இரைப்பையில் பாதி எடை. ஆனால் சக்தி மூன்று மடங்கு! இரைப்பையின் விரிவை அளக்கும் நரம்புகள், "இன்னும் இடம் இருக்கிறது" என்றுதான் சொல்லும். அவை பொய் சொல்லவில்லை. அவை அளப்பது கன அளவை. பொட்டலத்தில் இருப்பதோ சக்தி.

இனிப்பூட்டிய பானங்களின் கதை இன்னும் மோசம். மெல்லவே வேண்டியதில்லை, மடமடவென்று இறங்கிவிடும். நீர்மமாகச் செல்லும் சக்தியை, திட உணவில் உள்ள சக்தியைப் போல உடல் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பானம் குடித்த பின்னும் சாப்பாட்டின் அளவு பெரிதாகக் குறைவதில்லை.

இரண்டாம் வழி: மூளையின் பரிசு

பசியைக் கவனிக்கும் ஏற்பாட்டோடு, மூளையில் மற்றோர் ஏற்பாடும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். எலி ஒரு நெம்பியை அழுத்தினால், அந்தக் கம்பி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். எலி மீண்டும் மீண்டும் நெம்பியை அழுத்தியது! பின்னர் நடந்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் அழுத்தின. மூளையில் "இதை மறுபடியும் செய்" என்று தூண்டும் நரம்புப் பாதை ஒன்று உண்டு என்பது இதனால் தெரிந்தது. அப்பாதையில் முக்கியமாக வேலை செய்யும் வேதிப்பொருள் டோபமின்.

டோபமினை "இன்பப் பொருள்" என்று பலர் எழுதுகிறார்கள். அது முற்றும் சரியன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் உடன் ஆய்ந்தவர்களும் டோபமின் இழந்த எலிகளைச் சோதித்தனர். அந்த எலிகளின் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டால், சுவைத்ததற்கு அடையாளமாக வாயை நக்கிக்கொண்டன. ஆனால் எதிரில் உணவு இருந்தும் எழுந்து சென்று தின்னவில்லை. சுவைப்பது வேறு, நாடுவது வேறு என்பது இதனால் விளங்கியது. டோபமின் முக்கியமாக நாட்டத்தோடு தொடர்புடையது.

சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனை இதை மேலும் தெளிவாக்கியது. குரங்கின் வாயில் பழச்சாற்றுத் துளி விழும்போது டோபமின் நரம்புகள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியபின், சாறு வரும்போது அல்லாமல், அடையாளம் தோன்றும்போதே அவை துடித்தன. அடையாளம் காட்டிவிட்டுச் சாற்றைத் தராவிட்டால், நரம்புகளின் துடிப்பு வழக்கமான அளவினும் குறைந்தது.

இப்போது "சும்மா" என்பதன் பொருள் புரிகிறதா? பள்ளி மணியோசை, கடையின் முன் தொங்கும் வண்ணப் பொட்டலம், அது பிரியும் சரசரப்பு, கைப்பேசியில் படம் தொடங்கும் நேரம், தேர்வுக்குப் படிக்க உட்காரும் இரவு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அடையாளமாகிவிடுகிறது. வயிறு கேட்காதபோதும், அடையாளத்தைக் கண்டவுடன் மூளை கேட்கிறது. கிடைக்காவிட்டால் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. இதைத்தான் மூளைப் பசி என்கிறோம்.

காதும் உண்கிறது

இந்த இடத்தில் இயற்பியலுக்கும் ஒரு பங்கு உண்டு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சம்பினியும் ஒலிவாங்கி முன் சிலரை உட்காரவைத்துச் சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். கடிக்கும் ஓசை மாற்றம் செய்யப்பட்டு, உடனே அவர்களுடைய காதில் மாட்டிய ஒலிக்கருவியில் கேட்டது. ஓசை முழுவதையும் உரக்கச் செய்தபோதும், 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர் அதிர்வெண்களை மட்டும் பெருக்கியபோதும், சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகவும் புதியதாகவும் இருப்பதாக அவர்கள் கூறினர். சிப்ஸ் என்னவோ ஒரே அச்சில் வார்த்த ஒரே வகைதான். இந்த ஆய்வுக்கு 2008-இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, சுவை நாவில் மட்டும் இல்லை. ஓசை, மணம், நிறம், வாயில் கரையும் வேகம், உப்பு-இனிப்பு-கொழுப்பின் விகிதம் ஆகிய எல்லாவற்றையும் அளந்து அமைக்க முடியும். உணவுத் தொழிலில் அவ்வாறே அமைக்கிறார்கள். வீட்டு முறுக்கும் மொறுமொறுப்பானதுதான். ஆனால் அதைச் சுட்ட பாட்டி, நான்காவது முறுக்குக்குக் கை நீளும்போது டப்பாவை மூடிவிடுவார். பொட்டலத்துக்கு அந்த அக்கறை இல்லை.

பட்டினி கிடந்த எலிகள்

இனி மிக முக்கியமான சோதனைக்கு வருவோம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட்லி ஹோபெல், நிகோல் அவேனா முதலியோர் எலிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பார்த்தனர். ஒரு கூட்டத்துக்கு நாளொன்றில் 12 மணி நேரம் எந்த உணவும் இல்லை. எஞ்சிய 12 மணி நேரம் வழக்கமான தீனியும் சர்க்கரைக் கரைசலும் கிடைக்கும். எலி இரவில் விழித்திருக்கும் விலங்கு. இருட்டி, அது விழித்தெழுந்து நான்கு மணி நேரம் ஆன பிறகே உணவு வரும். நம் வழக்கில் சொன்னால், காலை உணவைத் தவறவிட்ட நிலை.

சில வாரங்களில் இந்த எலிகளின் நடத்தை மாறியது. கரைசல் வந்த முதல் மணி நேரத்திலேயே பாய்ந்து பாய்ந்து குடித்தன. நாளுக்கு நாள் குடிக்கும் அளவு ஏறியது. வழக்கமாக ஒரு சுவை பழகப் பழக, டோபமின் எழுச்சி குறைந்துபோகும். இவற்றிலோ அது குறையவில்லை. அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்தபோது, பற்கள் கிட்டி, முன்னங்கால்கள் நடுங்கின. போதை மருந்தை நிறுத்தும்போது தோன்றும் அறிகுறிகளை இவை ஒத்திருந்தன.

ஆனால் கவனியுங்கள். நாள் முழுவதும் சர்க்கரையும் தீனியும் தடையின்றிக் கிடைத்த எலிகள் இப்படி மாறவில்லை. அவை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடித்தன. சர்க்கரை ஒன்றுதான், எலியினம் ஒன்றுதான். வேறுபாடு, இடையில் வந்த பட்டினியில்தான் இருந்தது. வேளைக்கு உணவின்றிக் கிடந்து, பிறகு இனிப்பின் மேல் பாயும் முறையே சிக்கலை உண்டாக்கியது. நாள் முழுவதும் இனிப்புத் தின்னலாம் என்பது இதன் பொருள் அன்று. அதற்கு உடல் வேறு விலை கொடுக்க நேரிடும். உணவின் தன்மையோடு, உண்ணும் முறையும் சேர்ந்துதான் பழக்கத்தை ஆக்குகிறது என்பதே இதன் பாடம்.

"அடிமை" என்று சொல்லலாமா?

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட முடியாது. உணவுக்கு அடிமையாதல் என்பது உண்மையில் ஒரு நோயா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், உணவு அடிமைத்தனம் என்ற பெயரில் ஒரு நோய் சேர்க்கப்படவில்லை. மதுவோ புகையிலையோ இல்லாமல் வாழலாம். உணவில்லாமல் வாழ முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது என்பது ஒரு சாராரின் வாதம்.

மறு சாரார், எல்லா உணவும் ஒன்றல்லவே என்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 120 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அளவோடு நிறுத்த முடியாமல் திண்டாட வைக்கும் உணவுகள் எவை என்று 35 உணவுகளைக் கொடுத்துக் கேட்டார்கள். சாக்லேட், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல், பீட்சா முதலியவை முன்னே வந்தன. வெள்ளரிக்காய், கேரட் போன்றவை கடைசியில் நின்றன. முன்னே வந்தவற்றில் பெரும்பாலானவை மிகுதியாகப் பதப்படுத்தப்பட்டவை. கொழுப்போ, விரைவில் குருதியில் கலக்கும் மாவுச்சத்தோ, இரண்டுமோ நிறைந்தவை. இயற்கையில் பழத்தில் இனிப்பு இருக்கும், கொட்டையில் கொழுப்பு இருக்கும். இரண்டும் மிகுதியாக ஒரே பொருளில் சேர்ந்திருப்பது அரிது.

பெயர் எதுவானாலும் விளைவை அளக்கலாம் அல்லவா? அமெரிக்க தேசிய உடல்நல நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்த சோதனை 2019-இல் வெளியாயிற்று. 20 பேர் நான்கு வாரம் அங்கேயே தங்கினர். இரண்டு வாரம் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. முன்வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டனர். வேண்டிய அளவு உண்ணலாம். முடிவு என்ன? பதப்படுத்திய உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர், வேகமாகவும் உண்டனர். எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரு வாரங்களில் அதே அளவு இறங்கியது. ஒருவரே இரண்டு உணவையும் உண்டதால், கட்டுப்பாடு உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மனிதர் மாறவில்லை; தட்டு மாறியது.

மாணவருக்கு இதில் என்ன?

இந்தியாவில் 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதினரிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் குருதிச் சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது. அதே ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வயதுக்குரிய அளவின்றி மெலிந்திருந்தனர். ஆகவே மெலிந்தவர் நலமாக இருக்கிறார் என்றோ, பருத்தவர் அதிகம் தின்கிறார் என்றோ கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. வகுப்பில் ஒருவரை "குண்டு" என்றோ "ஒல்லி" என்றோ கேலி செய்வது அறிவியலும் அன்று, நாகரிகமும் அன்று.

இனி, நம் மாணவர் பலரின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் தனிப்பயிற்சி, ஏழரைக்குப் பேருந்து, காலை உணவு ஒரு குவளைக் காப்பி. பதினொரு மணி இடைவேளையில் ஒரு பொட்டலமும் ஒரு குளிர்பானமும். கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகிறது. கேட்க ஆளில்லை, இரவு பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாவோ நூடுல்ஸோ, காலையில் எழ நேரமாகிவிடுவதால் உணவுக்கூடம் மூடியிருக்கும். பிரின்ஸ்டன் எலிகளின் கால அட்டவணையை நாமே வலிய வந்து ஏற்றுக்கொண்டது போலத்தான்!

இதற்குப் பரிகாரம் பட்டினி அன்று. பட்டினிதான் சிக்கலின் தொடக்கம். வேளை தவறாமல் உண்பதே முதல் பரிகாரம். நான்கு இட்லியோ, ஒரு கிண்ணம் கம்பங்கூழோ, இரண்டு தோசையோ, சுண்டலோ காலையில் உள்ளே சென்றால், பதினொரு மணிக்குப் பொட்டலத்தின் குரல் தாழ்ந்து கேட்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவரின் காலை உணவு அவரவர் வீட்டுப் பொறுப்பாகவே இருந்துவருகிறது. அதை விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, உண்ணும்போது உணவைக் கவனித்து உண்ணுதல். 1998-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பால் ரோசினும் மற்றவர்களும், நடந்ததைச் சில நிமிடங்களில் மறந்துவிடும் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினர். மதிய உணவை முடித்துச் சற்று நேரத்தில் இன்னொரு மதிய உணவை வைத்தால், அவர்கள் அதையும் உண்டனர்! வயிறு நிறைவது மட்டும் போதாது. உண்டோம் என்ற நினைவும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. கைப்பேசியைப் பார்த்தபடி உண்பவர், உண்டதன் நினைவைத் தாமே மங்கச் செய்துகொள்கிறார்.

மூன்றாவது, அடையாளங்களை விலக்குதல். மேசைமேல் இருக்கும் பொட்டலத்தோடு இரவு முழுவதும் மல்லுக்கட்டுவதைவிட, அதை வாங்காமல் இருப்பது எளிது. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. கட்டுப்பாடு என்பது தனிமனித மனத்தில் மட்டும் இல்லை, சுற்றுப்புறத்திலும் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒளித்துவைத்து உண்பது, நிறுத்த முடியாமல் பெருமளவு உண்பது, உண்டபின் வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, எடை ஏறிவிடும் என்ற அச்சத்தால் நாள்கணக்கில் உண்ணாதிருப்பது ஆகியவை உங்களிடமோ உங்கள் தோழரிடமோ காணப்பட்டால், வெட்கப்பட வேண்டாம். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரைப் பாருங்கள். இவை குணப்படுத்தக்கூடியவை.

செய்து பாருங்கள்

1. இட்லிச் சோதனை: ஏதாவது தின்னத் தோன்றும்போது, "இப்போது இரண்டு வெறும் இட்லி கொடுத்தால் தின்பேனா?" என்று உங்களையே கேளுங்கள். "தின்பேன்" என்றால் அது வயிற்றுப் பசி. உடனே நல்ல உணவாகச் சாப்பிடுங்கள். "இட்லி வேண்டாம், அதுதான் வேண்டும்" என்றால் அது மூளைப் பசி. பத்து நிமிடம் வேறு வேலையில் ஈடுபட்டுவிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

2. ஏழு நாள் குறிப்பேடு: நொறுக்குத்தீனி தின்ற ஒவ்வொரு முறையும் நேரம், கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கலோரியை எழுத வேண்டாம். வார முடிவில் பார்த்தால், உங்கள் அடையாளம் எது என்பது தெரிந்துவிடும்.

3. வேக அளவீடு: ஓர் இட்லியை உண்ண எத்தனை விநாடி, அதே எடையுள்ள பிஸ்கட்டை உண்ண எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து அளந்து அட்டவணை இடுங்கள். உங்கள் முடிவை நண்பர்களின் முடிவோடு ஒப்பிடுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10.5 கிராம் சர்க்கரை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 600 மில்லிலிட்டர் புட்டியில் எவ்வளவு சர்க்கரை உள்ளது? உணவில் புதிதாகச் சேர்க்கும் சர்க்கரை, ஒருவரின் நாள் சக்தியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 2000 கிலோ கலோரி செலவிடுபவருக்கு இது எத்தனை கிராம்? அந்தப் புட்டி இந்த வரம்புக்குள் அடங்குமா?

2. 100 கிராம் சிப்ஸில் 35 கிராம் கொழுப்பு இருந்தால், அதன் 540 கிலோ கலோரியில் கொழுப்பிலிருந்து வருவது எத்தனை விழுக்காடு?

3. பிரின்ஸ்டன் சோதனையில் நாள் முழுவதும் சர்க்கரையும் தீனியும் கிடைத்த எலிக் கூட்டத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால், ஆய்வாளர்கள் எந்தத் தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள்?

விடை: (1) 63 கிராம், 50 கிராம், அடங்காது. (2) ஏறத்தாழ 58 விழுக்காடு. மூன்றாவதற்கு விடையை நீங்களே எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.